அவளுடைய இரண்டு வரிகள்

ஈப்போவில் மத்தியானத்துக்கு மேல் மழை வரும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் காலேஜுக்குப் போக வேண்டியதில்லை. தெரிந்தும் குடையில்லாமல் இறங்கிவிட்டு, பிறகு கடை வாசலில் ஒதுங்கி நின்று வானத்தைத் திட்டுகிறவர்களைப் பார்த்து எனக்கு ஒருநாளும் இரக்கம் வந்ததில்லை. நீங்களும் நனைந்துதான் வந்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

என் பெயர் கனகராஜ். சிலிபினில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கம்பெனியில் மூத்த பொறியாளர். செமோர் பக்கத்து முதியோர் இல்லத்தில் பத்துமலை என்பவர் மூச்சு முட்டி இறந்துபோனதை நீங்கள் விசாரிக்கிறீர்கள். அவருடைய மகள் தினேஸ்வரி என்னோடு வேலை செய்கிறவள். தான் எழுதிய நிரலில் இருந்த தவறால்தான் அப்பா செத்தார் என்று அவள் உங்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவள்மேல் வழக்குப் போடலாமா என்று நீங்கள் மேலிடத்தைக் கேட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அவள் சொன்னது சரியில்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

கம்ப்யூட்டர் விஷயம் உங்களுக்கு ஓடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஆபீசில் ஓடாதவர்கள் எல்லாரும் ஓடுகிற மாதிரி தலையை ஆட்டுவார்கள். முதலாளி கோலின் அதில் முதல் ஆள்.

நாங்கள் முதியோர் இல்லங்களுக்கு அழைப்பு மணி செய்து கொடுக்கிறோம். கட்டிலுக்குக் கட்டில் ஒரு சின்னக் கருவி, அதில் ஒரு சிவப்புப் பொத்தான். தாதிகளின் மேசையில் ஒரு பெட்டியும் திரையும். எல்லாக் கட்டில் கருவிகளும் அந்தப் பெட்டியோடு எப்போதும் தொடர்பில் இருக்க வேண்டும். யாராவது பொத்தானை அழுத்தினால் திரையில் அந்தக் கட்டில் சிவப்பாகும், மணி அடிக்கும். இவ்வளவுதான் சரக்கு. இதை விற்பதற்குத்தான் கோலின் டை கட்டிக்கொண்டு தைப்பிங் வரைக்கும் போய் வருவார்.

பெட்டியின் அடிவயிற்றில் ஓடுவதைக் கெர்னல் என்போம். மேலே ஓடுகிற எந்த மென்பொருள் விழுந்தாலும் தட்டி எழுப்பிவிடலாம். கெர்னல் விழுந்தால் பெட்டி பிணம். அந்த இடத்தில் கைவைத்து எழுதத் தெரிந்தவன் எங்கள் ஆபீசில் நான் ஒருவன்தான். பல வருடம் அப்படித்தான் இருந்தது, யாருக்கும் குறையில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் புரிந்துகொண்டால் போதும். அரசாங்கக் கிளினிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்ததும் ஓர் அட்டை போடுவார்கள். பிறகு கவுண்டரில் வரிசை எண் கொடுப்பார்கள். கெர்னலிலும் அப்படித்தான். ஒரு கட்டில் கருவி தொடர்பு கேட்டு வந்தால் முதலில் அதற்கு ஒரு சாக்கெட் உருவாகும், அதுதான் அட்டை. அதன்பிறகு அந்தச் சாக்கெட்டுக்கு ஓர் எண் கிடைக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் அதை யாரும் கூப்பிட முடியாது. எண்களோ அளவாகத்தான் இருக்கும். எல்லாம் தீர்ந்துபோன நேரத்தில் ஒருவர் வந்து நின்றால், ஏற்கெனவே போட்ட அட்டையை என்ன செய்வது? கிழித்துப் போட்டுவிட வேண்டும். கிழிக்காமல் விட்டால் உதவாத அட்டைகளாகக் குவிந்து ஒருநாள் மேசையில் கைவைக்க இடமிருக்காது. காரியம் நடக்கும்போது எந்த மடையனும் நிரல் எழுதுவான். நடக்காமல் போகும்போது எப்படிச் சுத்தம் செய்வது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

என் நிரலில் அப்படி எண் கிடைக்காமல் போகக்கூடிய இடங்கள் நான்கு. மூன்றில் சாக்கெட்டை விடுவித்திருந்தேன். நான்காவதில் விடுவிக்கவில்லை. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. மழைக்கு மின்சாரம் போய்ப் போய் வரும்போது கட்டில் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முட்டும், எண்கள் தீரும், சில அட்டைகள் கிழிபடாமல் தங்கும். அவ்வளவுதான். நாள்பட நாள்படப் பெட்டி கொஞ்சம் மந்தமாகும். அதற்காகத்தான் டெக்னீஷியன் ரூபன் இருந்தான். திங்கட்கிழமை வந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லகாட், செமோர் என்று ஒவ்வோர் இல்லமாகப் போய் பெட்டியை அணைத்து மறுபடி போட்டுவிட்டு வருவான். போன இடத்தில் எல்லாம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கிடைக்கும். வாடிக்கையாளர்கள் அதை நல்ல சர்வீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இல்லத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் முருகன் படம் வைத்து, ரூபன் வராமல் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவே போட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு எது போதுமோ அது அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

தினேஸ்வரி வந்து சேர்ந்தாள். சுங்காய் ஊர்க்காரி, தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பத்துமலை ரப்பர் பால் லாரி ஓட்டியவர். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான், ஆனால் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு அலைவதில்லை. அவள் யாரைப் பார்த்தாலும் நான் எஸ்டேட்டுப் பிள்ளை என்பாள், ஏதோ பட்டம் வாங்கின மாதிரி. என்னை அண்ணே என்பாள். காலையில் என் மேசைக்கும் சேர்த்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வருவாள். இதையெல்லாம் நான் கேட்கவில்லை.

ஒருநாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், அதையும் நான் மறைக்கவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நம்பர் கெடைக்காதப்ப சாக்கெட்ட விடுற எடம் ஒன்னு விட்டுப் போயிருக்கு. ரெண்டு வரிதான். நான் போட்டுப் பாக்கவா?"

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. வேறு வேலை இருந்தது. சில வாரம் கழித்து மறுபடி வந்து கேட்டாள், அப்போதும் அதே பதிலைச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாதக் கூட்டத்தில் ரூபனின் மோட்டார் சைக்கிள் செலவைப் பற்றிக் கோலின் புலம்பிக்கொண்டிருந்தபோது, அவள் வாயைத் திறந்தாள். பெட்டிகள் ஏன் மந்தமாகின்றன என்பதை வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கினாள். யார் எழுதியது என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை எல்லாரும் கவனித்தார்கள். கோலின் என்னைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இத்தன வருசமா இந்த ரூபன் திங்கக்கெழம திங்கக்கெழம போயி சுவிட்ச அடிச்சிட்டு வாரான். ரெண்டு வரிதானா லா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரூபனும் சிரித்தான், தன் பிழைப்பில் பாதி போகிறது என்று அவனுக்கு உறைக்கவில்லை. நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரியாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அவளுடைய இரண்டு வரிகளும் நிரலில் ஏறின. அவள் ஒழுங்காகச் சோதித்தும் பார்த்தாள். எண்களை வேண்டுமென்றே தீர்த்துவிட்டு, சாக்கெட் விடுபடுகிறதா, மிச்சம் எதுவும் தங்குகிறதா என்று நாள் முழுக்கப் பெட்டியைப் போட்டு வறுத்தாள். பெட்டிகள் அதன்பிறகு மந்தமாகவில்லை. கோலின் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம், எங்கள் பெட்டியை இனிமேல் அணைக்கவே வேண்டாம், இந்தப் பெண்தான் சரிசெய்தது என்று காட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பொறாமை என்று நீங்கள் எழுதப் போகிறீர்கள். அந்தச் சொல் பொருந்தாது. ஒரு வீட்டை அஸ்திவாரத்திலிருந்து கட்டியவனை விட்டுவிட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டவளுக்கு மாலை போட்டால் அங்கே நியாயம் தவறியிருக்கிறது. நியாயம் தவறுவது எனக்குப் பிடிக்காது.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அப்பாவை ஈப்போவுக்குக் கொண்டுவந்தாள். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிற வியாதி. அண்ணன் சிங்கப்பூரில். பகலில் வீட்டில் அவரைத் தனியாக விட முடியவில்லை. செமோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று யோசித்தாள். பழைய ரப்பர் தோட்டத்துத் துரை பங்களா அது. மரங்கள் எல்லாம் போய் வீடுகள் வந்துவிட்டன, பங்களா மட்டும் நிற்கிறது. எங்கள் பெட்டிதான் அங்கே. கத்தரின் என்ற அம்மாள் பொறுப்பில் இருக்கிறார், நல்ல மாதிரி.

அதற்கு முன்னால் இன்னொன்று நடந்திருந்தது. அதை முதலில் சொல்ல வேண்டும்.

பெட்டியின் கெர்னல் பழையதாகிவிட்டது, புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்று கோலின் சொல்லியிருந்தார். அது என் வேலை. புதிய பதிப்பு வரும்போது என்னென்ன மாறியிருக்கிறது என்ற குறிப்புகளும் வரும். மலைபோல வரும். யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். அதில் ஒரு மாற்றம் எங்களைத் தொட்டது. பழைய பதிப்பில் எண் கிடைக்காவிட்டால், அட்டையைப் போட்டவனே அதைக் கிழிக்க வேண்டும். புதிய பதிப்பில் கவுண்டரே கிழித்துவிடும். எண் இல்லை என்று கையை விரிக்கும்போதே சாக்கெட்டையும் அது விடுவித்துவிடும். அட்டையைப் போட்டவன் அதன்பிறகு அதைத் தொடவே கூடாது.

தொட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கிளினிக்கில் கிழித்த அட்டையை மறுபடி கிழிக்க முடியாது, கையில் காகிதம் இருக்காது. கெர்னலில் முடியும். முதலில் கிழித்ததுமே அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். இரண்டாவது தடவை கிழிப்பது அந்த இன்னொருவருடைய அட்டையை. யாருடையது, எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாது. சில சமயம் ஒன்றும் நடக்காது. கூட்ட நேரத்தில் நடந்தால் கெர்னல் தன் தலையைத் தானே வெட்டிக்கொண்ட மாதிரி அப்படியே நின்றுவிடும். மறுபடி தானாக எழுந்திருக்காது. திரையில் கடைசியாக இருந்த படம் மட்டும் அப்படியே தங்கும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. அவள் தவறு என்று கண்டுபிடித்தாளே என் நான்காவது இடம், அது புதிய கெர்னலில் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் சரியாக இருந்திருக்கும். அங்கே நான் எதையும் விடுவிக்கவில்லை அல்லவா. அதைத்தான் புதிய கெர்னல் எதிர்பார்க்கிறது. நான் தவறாக எழுதவில்லை, கொஞ்சம் முன்கூட்டியே எழுதிவிட்டேன். அவள் மூக்கை நுழைத்ததால்தான் அந்த இடம் கெட்டது.

மாற்றத்தைச் செய்ய உட்கார்ந்தேன். என்னுடைய மூன்று இடங்களிலும் சாக்கெட்டை விடுவிக்கிற வரியை எடுத்தேன். நான்காவது இடத்துக்கு வந்தேன். அவளுடைய இரண்டு வரிகள் அங்கே இருந்தன, அழகாக, ஒரு குறிப்போடு. எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரியோடும் எழுதியவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் யார் வந்து எந்த வரியைச் சுட்டிக் கேட்டாலும் கம்ப்யூட்டர் பெயரைச் சொல்லிவிடும். மாற்றினால் மாற்றியவன் பெயர் வரும். தொடாமல் விட்டால் பழைய பெயர்தான். விட்டுவைத்தவனுக்கு எந்த இடத்திலும் பெயர் கிடையாது.

விட்டுவைத்தேன். நான் ஒரு தவறான வரியும் எழுதவில்லை என்பதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்காவது ஒரு பெட்டி நிற்கும், கோலின் அலறுவார், பெயரைத் தேடினால் தினேஸ்வரி என்று வரும், நான் போய் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்காருவேன். அவ்வளவுதான் என் எண்ணம். ஒரு பாடம். அவள் என்னிடம் வந்து, புதிய கெர்னலில் என் பகுதியை மறுபடி சோதிக்கவா அண்ணே என்று கேட்டாள். வேண்டாம், எல்லாவற்றையும் நானே பார்த்துவிட்டேன் என்றேன். பார்த்திருந்தேன், பொய் இல்லை.

புதிய பதிப்பு பெட்டிகளுக்குப் போகப் போகிறது என்று முடிவான வாரத்தில்தான் அவள் அப்பாவின் பேச்சை எடுத்தாள்.

"அண்ணே, அப்பாவ கத்தரின் ஆன்ட்டிகிட்ட சேக்கலாம்னு இருக்கேன். பகல்ல மூச்சு வாங்குனா பட்டன அமுக்கிருவாரு. நம்ம பாக்ஸ நம்பலாம்தானே?"

"ஒன் கோடிங்தானேம்மா. நீயே நம்பலன்னா எப்படி?"

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே பத்துமலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். இப்படித் துருவித் துருவிக் கேட்பதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

செமோர் பெட்டிக்கு ரூபன் புதிய பதிப்பை ஏற்றிய இரண்டு நாளில் அந்த மழை வந்தது. உங்களுக்கே ஞாபகம் இருக்கும், கிந்தாப் பள்ளத்தாக்கு முழுக்க இருட்டிக்கொண்டு வந்து இடி விழுந்தது. மின்சாரம் போய்ப் போய் வந்தது. பெட்டிக்குப் பேட்டரி உண்டு, அணையாது. கட்டில் கருவிகளுக்குக் கிடையாது. அவை செத்துச் செத்துப் பிழைத்து ஒவ்வொரு தடவையும் புதிதாய்த் தொடர்பு கேட்டுப் பெட்டியை மொய்த்திருக்கும். பழைய தொடர்புகள் செத்துவிட்டன என்று பெட்டிக்குத் தெரிய நேரமாகும், அதுவரை அவற்றின் எண்களும் திரும்பாது. எண்கள் தீர்ந்தன. கவுண்டர் அட்டையைக் கிழித்தது. தினேஸ்வரியின் வரியும் கிழித்தது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா இல்லத்துப் பெட்டிகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று காட்டுகிற ஒரு திரை என் மேசையில் உண்டு. செமோர் வரிசை பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. இணையம் அறுந்தாலும் அப்படி மாறும் என்று என் வக்கீல் பின்னால் சொல்லக்கூடும். இணையம் அறுந்தால் திரும்பி வரும். இது வரவில்லை. நின்றது கெர்னல்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கோலினும் தினேஸ்வரியும் கண்ணாடி அறைக்குள் தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளருக்கு எங்கள் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சாரல் அடித்ததால் நான் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கத்தரினுடைய எண் சுவரில் ஒட்டியிருக்கிறது. போன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பெட்டி நின்றுபோச்சு, கட்டில் கட்டிலாகப் போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். செய்யவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். அழைத்திருந்தால், பெட்டி கொஞ்சநேரம் நின்றது, உடனே பார்த்துவிட்டோம், மழைக்கு இதெல்லாம் சகஜம் என்று கதை முடிந்திருக்கும். அவள்மேல் ஒரு தூசு பட்டிருக்காது. அவர்களாகவே கண்டுபிடித்து, கத்தரினே போன் செய்து, அந்த வாடிக்கையாளருக்கு முன்னாலேயே கோலின் அதைக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

கத்தரின் போன் செய்யவில்லை. அவருடைய திரையில் எல்லாக் கட்டிலும் பச்சையாக நின்றன. மழை நேரத்தில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று நினைத்து, துவைத்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலத் தேத்தண்ணி கொண்டு போனபோதுதான் பத்துமலையைப் பார்த்திருக்கிறார். பெருவிரல் பொத்தானிலேயே இருந்ததாம். எத்தனை தடவை அழுத்தினார் என்பதைக் கட்டில் கருவி எண்ணி வைத்திருந்தது. அந்த எண்ணிக்கையை நான் பார்த்தேன், உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த மனிதர் அங்கே படுத்திருப்பது எனக்கு நினைவில் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஞாபகசக்தியில் எனக்குக் குறை கிடையாது.

சாவு வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். அதற்குள் அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டாள். அப்பாவைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், அந்த மாதிரிப் பெண். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்து, அங்கே தன் பெயரைப் பார்த்திருக்கிறாள். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தாண்ணே அப்பாவ கொன்னுட்டேன். ஒரே சாக்கெட்ட ரெண்டு தடவ விட்டுட்டேன்."

"அழாதம்மா. தப்பு எல்லாருக்கும் வாரதுதான்."

எனக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லி உள்ளே ஆள் அனுப்பினாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அதன்பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. வீட்டில் போனை எடுப்பதில்லை, படுக்கையை விட்டு எழுவதில்லை, அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து கூடவே இருக்கிறான் என்று ரூபன் சொன்னான். இந்தத் தொழிலுக்கு நெஞ்சு கெட்டியாக இருக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்லிவந்தேன்.

என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்கத் தெரிய வேண்டுமே. நீங்களும் வந்தீர்கள், ரூபனிடம் ஒன்று கேட்டீர்கள், கோலினிடம் ஒன்று கேட்டீர்கள், என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டீர்கள். நான் அப்படியே இருந்திருக்கலாம். இந்த மழைக்காலம் முடிவதற்குள் எல்லாரும் மறந்திருப்பார்கள்.

நேற்று ஆபீசில் இந்தச் சாவைப் பற்றிய கடைசிக் கூட்டம் நடந்தது. வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்து ஒருவனைக் கோலின் வரவழைத்திருந்தார். ஷர்வின் என்று பெயர். என் வயதில் பாதி இருக்கும். காலணியைக் கழற்றாமல் உள்ளே வந்தான். இரண்டு நாள் என் நிரலைக் குடைந்துகொண்டிருந்தான். நான்காவது இடத்தைப் பார்த்தான். அதே கோப்பில், அதே பக்கத்தில், என்னுடைய மூன்று இடங்களில் அந்த வரி எடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கவில்லை. கண் எதிரில் இருக்கிறது. மூன்றில் எடுத்தவன் நான்காவதில் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு குழந்தை கேட்டிருக்கும்.

தினேஸ்வரியைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். ஷர்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவைச் சொன்னான்.

"இது ரொம்ப உள்ளுக்குள்ள உள்ள வெசயம். கெர்னல்ல இப்படி மாத்தம் வந்தது நெறையப் பேருக்குத் தெரியாது. கனகராஜ் அங்கிளுக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. பழைய ஆளுங்க இதெல்லாம் ஃபாலோ பண்ண மாட்டாங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவன் எனக்கு உதவி செய்துவிட்ட மாதிரி லேசாகத் தலையசைத்தான். அப்போது அவள் பேசினாள். இத்தனை வாரத்தில் அவள் பேசியதை நேற்றுதான் கேட்டேன், குரல் தேய்ந்துபோயிருந்தது.

"அண்ணனுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா கண்டிப்பா சொல்லிருப்பாரு. அவர ஒன்னும் கேக்காதீங்க, பாவம்."

பாவம் என்றாள், இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்து.

கூட்டம் முடிந்து எழும்போது கோலின் என் தோளில் கைபோட்டார். விடுங்கண்ணே, வயசாயிட்டா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுலா என்றார். இனிமேல் கெர்னல் வேலையை ஷர்வினுடைய ஆட்களிடம் கொடுத்துவிடலாம், நான் கொஞ்சம் ஓய்வாக வாடிக்கையாளர்களின் போனைக் கவனித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ரூபன் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். நோயாளிக்கு வைக்கிற மாதிரி வைத்தான்.

இரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் அதை மனசாட்சி என்று எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் வசதி. ஒரு பெண் செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு கட்டிலில் கிடக்கிறாள். அவளை விடுவிக்க வேண்டும் என்றுதான் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். எனக்கும் ஈரம் இருக்கிறது.

ஆகவே இப்படி எழுதுங்கள். அந்தக் கெர்னல் மாற்றம் வந்தது கனகராஜுக்குத் தெரியும். குறிப்பு வந்த அன்றே படித்தார். மூன்று இடங்களில் திருத்தினார், நான்காவதைத் தெரிந்தே விட்டார். பத்துமலை அங்கே இருப்பது தெரிந்தும், பெட்டி நின்றது தெரிந்தும் போனை எடுக்கவில்லை. பத்துமலையைக் கொன்றது கனகராஜ். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். வேண்டுமானால் என் நிரலில் எந்தப் பக்கம் என்றும் வட்டம் போட்டுத் தருகிறேன், உங்கள் ஆட்களுக்குத் தேடத் தெரியாது.

தினேஸ்வரிக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. நாளைக்கோ நாளை மறுநாளோ உங்கள் வசதிப்படி ஆளனுப்பிச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த ஷர்வினுக்கு மட்டும் இப்போதே போன் போடுங்கள்.